லென்டிகுலர்: ஒரு பருப்பு தந்த வடிவம்

முழு மசூர்ப் பயறு ஒன்றை மேலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும். விளிம்புப் பக்கம் திருப்பினால் அது வேறு உருவம். நடுவில் தடித்து, ஓரத்தை நோக்கிச் சரிந்து, கூரான விளிம்பில் சந்திக்கும் இரண்டு வளைபரப்புகள். குறுக்களவு நம் நாட்டு ரகங்களில் அரை சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. பட்டாணி உருண்டை, உளுந்து நீண்ட உருண்டை, கொண்டைக்கடலைக்கு மூக்கு உண்டு. கூரான விளிம்பு என்பது நம் சமையலறைப் பயறுகளில் மசூருக்குத்தான் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. அதை உடைத்தால் வரும் ஒவ்வொரு பருப்பும் ஒருபுறம் தட்டை, மறுபுறம் குவிவு. பள்ளி இயற்பியல் புத்தகத்தில் இருபுறக் குவிலென்ஸ், தட்டைக் குவிலென்ஸ் என்று தனித்தனியாக வரைந்து காட்டும் இரண்டு உருவங்களும் இந்த ஒரே விதைக்குள் இருக்கின்றன.

இப்படிச் சொல்வது உவமை அல்ல, வரலாறு. அந்தக் கண்ணாடித் துண்டுக்கு லென்ஸ் என்ற பெயர் வந்ததே இந்த விதையிலிருந்துதான். லத்தீனில் ‘லென்ஸ்’ என்றால் மசூர்ப் பயறு. வேற்றுமை உருபு ஏறும்போது ‘லென்டிஸ்’ என்று அடிச்சொல் வெளிப்படும். அதன் சிறுமைப் பெயர் ‘லென்டிகுலா’, சின்னப் பயறு. அதிலிருந்து பிறந்த பெயரடை ‘லென்டிகுலாரிஸ்’, பயறு போன்ற வடிவுடையது. ஆங்கிலம் வழியாக நமக்கு வரும் லென்டிகுலர் இதுவே. பிரெஞ்சு ‘லான்டீய்’, ஆங்கிலத்தின் ‘லென்டில்’ எல்லாம் அந்த லென்டிகுலாவின் வழித்தோன்றல்கள். தாவரவியலில் மசூரின் பெயர் இன்றும் ‘லென்ஸ் குலினாரிஸ்’, சமையலறை லென்ஸ். தமிழ்நாட்டுக் கடைகளில் அது மைசூர் பருப்பு. மசூர் என்ற வடக்கத்திப் பெயர்தான் நம் வாயில் மைசூர் ஆயிற்று. மைசூர் நகரத்துக்கும் அதற்கும் விளைச்சல் உறவு இல்லை. இலங்கையில் அடைமொழியே தேவையில்லை. அங்கே வெறுமனே பருப்பு என்றால் இந்தச் செம்பருப்புதான்.

லத்தீனுக்கு இச்சொல் எங்கிருந்து வந்தது? ஸ்லாவிய மொழிகளிலும் லித்துவேனியத்திலும் பழைய ஜெர்மானியத்திலும் இதை ஒத்த சொற்கள் உள்ளன. ஆனால் அவற்றின் ஒலிகள் ஒரே மூலத்திலிருந்து ஒழுங்காகக் கிளைத்தவை போலப் பொருந்தி வருவதில்லை. ஐரோப்பாவில் அந்த மொழிகள் பரவுவதற்கு முன்பே அங்கே பயிர்செய்த மக்களிடமிருந்து வாங்கிய சொல்லாக இருக்கலாம் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். மேற்காசியாவில் மனிதன் முதன்முதல் பழக்கிய ஒரு கைப்பிடிப் பயிர்களில் மசூரும் ஒன்று. சுமார் 10,000 ஆண்டுப் பழக்கம். அந்த விதையோடு அதன் பெயரும் மேற்கே நடந்து போயிருந்தால் வியப்பில்லை.

ரோமானியருக்கு அது அன்றாடத் தானியம். ஃபேபியஸ், லென்டுலுஸ், சிசெரோ என்ற பெரிய குடும்பங்களின் பெயர்கள் அவரை, மசூர், கொண்டைக்கடலை ஆகியவற்றைச் சிறப்பாக விளைவித்த முன்னோர்களால் வந்தவை என்கிறார் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி. காலிகுலா பேரரசன் எகிப்திலிருந்து ஒரு மாபெரும் ஒற்றைக்கல் தூணைக் கப்பலில் கொண்டுவந்தபோது, கப்பல் ஆடாமல் இருக்க அடிப்பாரமாக 1,20,000 மோடியஸ் மசூர் நிரப்பப்பட்டது என்ற தகவலும் அவர் தருவதுதான். இன்றைய அளவில் 10 லட்சம் லிட்டருக்கு மேல். அந்தத் தூணை 1586இல் தொமேனிகோ ஃபொன்தானா என்ற பொறியாளர் இடம் மாற்றி நிறுத்தினார். வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தின் நடுவே நிற்பது அதுதான்.

இவ்வளவு கைப்பழக்கமான பொருள் என்பதால்தான் அது அளவுகோலாகவும் வடிவக்கோலாகவும் ஆனது. தோலில் விழும் பழுப்புப் புள்ளிக்கு லத்தீனில் ‘லென்டிகோ’ என்று பெயர். தோல் மருத்துவர்கள் இன்றும் அதையே எழுதுகிறார்கள். நம் பக்கத்திலும் இதே விதை இதே வேலையைச் செய்தது. ஆயுர்வேத நூல்கள் பெரியம்மையை ‘மசூரிகா’ என்றன. மசூர் அளவில், மசூர் நிறத்தில் எழும் கொப்புளங்கள். லத்தீன் அறிந்த மருத்துவரும் வடமொழி அறிந்த மருத்துவரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. இருவர் வீட்டிலும் ஒரே விதை இருந்தது, அவ்வளவுதான்.

லென்டிகுலா என்ற சொல் பயறிலிருந்து விலகி வெறும் வடிவத்தை மட்டும் குறித்த இடங்களில் ஒன்று விவிலியத்தில் இருக்கிறது. தீர்க்கதரிசி சாமுவேல் சவுலின் தலையில் எண்ணெய் வார்த்து அவனை அரசனாக்கும் இடத்தில், எண்ணெய் இருந்த குப்பியை லத்தீன் விவிலியம் லென்டிகுலா என்கிறது. பக்கவாட்டில் தட்டையாகி நடுவில் புடைத்த சிறு குப்பி. அங்கே பயறுக்கு வேலையே இல்லை. அதன் உருவம் மட்டும் போதுமானதாக இருந்தது.

இன்னொன்று அறுவைக் கத்திகளுக்கு நடுவே இருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் மருத்துவர் காலேன் பாராட்டி எழுதிய ஒரு கருவி அது. மண்டையோட்டில் துளையிட்ட பின், எலும்பின் ஓரம் பிசிறு பிசிறாக நிற்கும். அதைச் செதுக்கப் போனால் உளியின் கூர் நுனி மூளையை மூடிய சவ்வைக் கிழித்துவிடும் அபாயம். ஆகவே உளியின் கத்திப் பகுதி பக்கவாட்டில் இருக்க, நுனியில் மட்டும் மழமழப்பான ஒரு குமிழ் வைத்தார்கள். குமிழ் சவ்வின்மேல் வழுக்கிக்கொண்டு போகும், கத்தி எலும்பை மட்டும் வெட்டும். உருண்டைக் குமிழாக இருந்தால் எலும்புக்கும் சவ்வுக்கும் இடையிலுள்ள குறுகிய இடுக்கில் நுழையாது. தட்டைத் தகடாக இருந்தால் அதன் ஓரமே வெட்டும். தட்டையும் வேண்டும், மழுக்கமும் வேண்டும். பயறு வடிவம்தான் தீர்வு. கிரேக்கத்தில் மசூருக்கு ‘ஃபகோஸ்’ என்று பெயர். கருவிக்கும் அதிலிருந்தே பெயர். லத்தீனில் எழுதிய பிற்கால அறுவை மருத்துவர்கள் அதை லென்டிகுலர் என்றே வழங்கினார்கள். இந்த ஒரு வடிவம் அந்த அறுவையை எவ்வளவு பத்திரமாக்கியது என்பதை நினைத்தால், வடிவப் பெயர்களை அலங்காரம் என்று ஒதுக்க மனம் வராது.

கிரேக்கர்கள் இந்தப் பெயரைக் கண்ணுக்குள்ளும் கொண்டு போனார்கள். எபேசு நகரத்து ரூஃபுஸ் என்ற மருத்துவர், கண்ணின் நடுவிலுள்ள பளிங்கு போன்ற பகுதியை அதன் வடிவம் கருதி ‘பயறுருவானது’ என்று அழைத்ததைப் பதிவுசெய்கிறார். காலம் கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியையொட்டி. கண்ணுக்கு முன் வைக்கும் கண்ணாடி வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் இருந்தது. அதாவது லென்ஸ் என்று நாம் இன்று அழைக்கும் இரண்டில், உடலுக்குள் இருப்பதற்கே பயறின் பெயர் முதலில் கிடைத்தது. அது ஒளியைக் குவிக்கிறது என்று ரூஃபுஸுக்குத் தெரியாது. பார்வை உணர்வே அந்தப் பளிங்குப் பகுதியில்தான் நிகழ்கிறது என்று பழைய மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. 1583இல் பாசல் நகரத்து ஃபெலிக்ஸ் பிளாட்டர்தான் உணரும் இடம் விழித்திரை என்று தெளிவாக எழுதினார். வேலை தெரியாமலே வடிவத்தை வைத்துப் பெயரிட்டார்கள், பெயர் பிழையாகவில்லை.

சுசுருத சம்ஹிதையிலும் இதையொட்டிய ஓர் இடம் உண்டு. கண்ணின் ‘திருஷ்டி’ எனும் பகுதி மசூர்ப் பருப்பளவு என்று அந்நூல் சொல்கிறது. திருஷ்டி என்பது பாவையா, அதன் பின்னுள்ள பளிங்கா என்பதில் உரைகாரர்களும் இன்றைய அறிஞர்களும் ஒத்துப்போவதில்லை. அங்கே பேசப்படுவது அளவுதான், வடிவம் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. கிரேக்கர் சொன்னதையே நம்மவர் முன்னமே சொல்லிவிட்டார் என்று இதை நீட்டிப் பேசுவோர் உண்டு. நூல் தருவதற்கு மேல் எடுத்துக்கொள்வது நூலுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

கண்ணாடிக்கு வருவோம். மூக்குக் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் தோன்றியது. 1306இல் ஃபுளோரன்ஸில் பிரசங்கம் செய்த ஜொர்தானோ என்ற துறவி, அந்தக் கலை பிறந்து இன்னும் இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. முதலில் வந்தவை வெள்ளெழுத்துக்கான குவிந்த கண்ணாடிகள். பயறைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் அந்தக் கண்ணாடித் துண்டை வேறு எப்படி அழைப்பார்கள்? ஆனாலும் பெயர் நிலைக்க நாளாயிற்று. 1610இல் வெளியான தன் நூலில் கலிலியோ தொலைநோக்கியை வேறொரு லத்தீன் சொல்லால் குறிக்கிறார்; உள்ளிருக்கும் துண்டுகளைப் பெரும்பாலும் வெறும் கண்ணாடிகள் என்றே நினைக்கிறார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய ஒரு துண்டுச்சீட்டே சாட்சி.

1609 நவம்பரில் அவருக்கு வந்த ஒரு கடிதத்தின் பின்புறம் அந்தச் சீட்டு இருக்கிறது. பதுவாவிலிருந்து வெனிஸ் போகும்போது வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல். பீரங்கிக் குண்டுகள் இரண்டு, வெள்ளீயத்தால் ஆன ஆர்கன் குழாய், தட்டையாக்கிய ஜெர்மன் கண்ணாடி, மலைப்பளிங்கு, மெருகேற்றும் பொடி, இரும்புக் கிண்ணங்கள், குங்கிலியம், கம்பளித் துணி. கண்ணாடியைத் தேய்த்து வளைவு கொடுக்கத் தேவையான பட்டறைச் சாமான் முழுவதும் இதில் வந்துவிடுகிறது. அதே தாளில் வீட்டுச் சாமானும் உண்டு: கொண்டைக்கடலை, அரிசி, உலர்ந்த திராட்சை, சர்க்கரை, மிளகு, கிராம்பு. அந்த வரிசையில்தான் ‘லென்டே’ வருகிறது. சமையலுக்கான மசூர். தேய்க்க வேண்டிய பொருளுக்கு அவர் எழுதியது ‘கண்ணாடி’. வானத்தைத் திறந்து காட்டிய மனிதரின் ஒரே தாளில் இரண்டும் இருந்தும், பெயர் இன்னும் பருப்பிடமே இருக்கிறது. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த ஆவணம் இதுதான்.

அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1611இல், கெப்ளர் தன் ‘தியோப்ட்ரிசே’ நூலில் லென்ஸ் என்ற சொல்லை ஒளியியலில் நிலைநிறுத்திவிட்டார். நூற்றாண்டு முடிவதற்குள் அது ஆங்கிலத்திலும் புகுந்தது. பிற மொழிகளில் சில தத்தம் பயறையே எடுத்துக்கொண்டன. ஜெர்மானியத்தில் ‘லின்ஸெ’ என்றால் பருப்பும் அதுதான், லென்ஸும் அதுதான். பிரெஞ்சிலும் அப்படியே. அரபியில் ‘அதஸ்’ பருப்பு, ‘அதஸா’ லென்ஸ். துருக்கியில் ‘மெர்ஜிமெக்’கிலிருந்து ‘மெர்ஜெக்’.

இங்கேதான் ஒரே வேரின் இரு கிளைகள் வெவ்வேறு திசையில் திரும்புகின்றன. லென்ஸ் என்ற பெயர்ச்சொல் வடிவத்தைக் கைவிட்டு வேலையைப் பற்றிக்கொண்டது. லென்டிகுலர் என்ற பெயரடை வேலையைப் பற்றிக் கவலைப்படாமல் வடிவத்தைப் பற்றிக்கொண்டது.

பெயர்ச்சொல்லின் போக்கைப் பாருங்கள். கிட்டப்பார்வைக்கான கண்ணாடி நடுவில் மெலிந்து ஓரம் தடித்தது. பயறுக்கு நேர் எதிர். அதுவும் லென்ஸ் ஆயிற்று. 1820களில் அகுஸ்தாங் ஃபிரெனெல் கலங்கரை விளக்குகளுக்காக ஒரு புதுக் கண்ணாடி செய்தார். ஒளி வளைவது கண்ணாடியின் பரப்பில்தான். நடுவிலுள்ள தடிமனில் அல்ல. ஆகவே தடிமனை வெட்டி எறிந்து, பரப்பின் சாய்வை மட்டும் வளையம் வளையமாக, படிப்படியாக வைத்துக்கொண்டார். 1823இல் பிரான்சின் கொர்துவாங் கலங்கரை விளக்கில் அது ஏற்றப்பட்டது. பயறின் புடைப்பு பெரும்பாலும் போய்விட்டது, பெயர் போகவில்லை. பிறகு கண்ணாடியும் போயிற்று. சூரியனின் ஈர்ப்பு விண்மீன் ஒளியை வளைப்பது 1919ஆம் ஆண்டுக் கிரகணத்தில் அளக்கப்பட்டபோது, இதை லென்ஸோடு ஒப்பிடக் கூடாது, இதற்குக் குவியத் தொலைவே இல்லை என்று இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் ஆட்சேபித்தார். இயற்பியலாக அவர் சொன்னது சரி. ஆனால் மொழி அவர் பேச்சைக் கேட்கவில்லை. 1979இல், இரட்டையாகத் தெரிந்த ஒரு குவாசார் உண்மையில் ஒன்றே, இடையிலுள்ள விண்மீன் திரள் அதன் ஒளியை வளைத்து இரண்டாகக் காட்டுகிறது என்று விளங்கியது. அதற்கு வழங்கிய பெயர் ஈர்ப்பு லென்ஸ்.

பெயரடை போன பாதை வேறு. மலையைத் தாண்டும் ஈரக்காற்று ஏறி இறங்கி அலையாகிறது. அலையின் உச்சியில் குளிர்ந்து துளிகளாகிறது. பள்ளத்தில் இறங்கும்போது சூடாகித் துளிகள் மறைகின்றன. ஆகவே உச்சியில் மட்டும் ஒரு மேகம் நிற்கும். காற்று அதன் ஊடே வேகமாகப் பாய்ந்துகொண்டே இருக்கும், மேகமோ இருந்த இடத்தில் இருக்கும். காற்று நுழையும் முனையில் அது பிறக்கிறது, வெளியேறும் முனையில் அழிகிறது. அதனால்தான் இரு ஓரமும் மெலிந்து நடு தடித்த உருவம். ஜப்பானில் ஃபூஜி மலைமேல் இது அடிக்கடி தொப்பிபோல் கவிந்து நிற்கும். உலக வானிலை அமைப்பின் மேக அட்டவணையில் இதன் வகைப்பெயர் ‘லென்டிகுலாரிஸ்’. இது எந்த ஒளியையும் குவிப்பதில்லை. குவிக்க வேண்டும் என்று பெயர் கேட்கவும் இல்லை.

வானியலில் எட்வின் ஹபிள் 1936இல் தன் வகைப்பாட்டில் நீள்வட்டத் திரள்களுக்கும் சுருள் திரள்களுக்கும் நடுவே ஓர் இடம் வைத்தார். தட்டு உண்டு, சுருள் கைகள் இல்லை. அப்போது அது பெரும்பாலும் கோட்பாட்டுத் தேவைக்கான இடம். பின்னர் அங்கே பொருந்தும் திரள்கள் ஏராளமாகக் கிடைத்தன. புது விண்மீன்கள் பிறக்கத் தேவையான வாயு பெரிதும் தீர்ந்துபோன, முதிய விண்மீன்கள் நிறைந்த திரள்கள் இவை. விளிம்பிலிருந்து பார்த்தால் அப்படியே பயறு. அதனால் லென்டிகுலர் திரள். மூளையின் ஆழத்தில் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு பகுதிக்கும், வெட்டிப் பார்க்கும்போது தெரிந்த உருவத்தால் இதே பெயர். 1912இல் கின்னியர் வில்சன் விவரித்த நோயின் பழைய மருத்துவப் பெயரில் கல்லீரலும் இந்தப் பயறும் சேர்ந்து நிற்கின்றன. செம்பு உடலில் தேங்கி இரண்டையும் சிதைக்கும் பரம்பரை நோய் அது. நிலவியலில் பாறைக்குள் மெலிந்து முடியும் மணற்படிவு, தாவரவியலில் மரப்பட்டையில் காற்று புகும் சிறு புடைப்புகள் என்று பட்டியல் இன்னும் போகும்.

இவ்வளவு ஒழுங்காக இருந்த பெயரடையும் ஓரிடத்தில் வழுக்கிவிட்டது. கோயில் வாசல் கடைகளில் ஒரு சாமி படம் விற்பார்கள். சாய்த்தால் பிள்ளையார், மறுபக்கம் சாய்த்தால் முருகன். நகத்தால் குறுக்கே கீறினால் கரகரவென்று ஒலிக்கும். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளில் மெல்லிய வரிகள் நெருக்கமாக ஓடுவதால்தான் அந்த ஒலி. ஒவ்வொரு வரியும் நீளவாக்கில் பிளந்த உருளையின் பாதி. அடியில் இரண்டு படங்களும் நாடா நாடாவாகக் கிழிக்கப்பட்டு மாற்றி மாற்றி அச்சாகியிருக்கின்றன. எந்தக் கோணத்தில் பார்க்கிறோமோ அந்தக் கோணத்துக்குரிய நாடாக்களை மட்டும் வரிகள் பெரிதாக்கிக் கண்ணுக்கு அனுப்புகின்றன. நுண்லென்ஸ்கள் அடுக்கிய தாளால் ஆழம் தெரியும் படம் எடுக்கலாம் என்று 1908இல் முன்மொழிந்தவர் காப்ரியேல் லிப்மான். இந்த அச்சுக்கு இன்று லென்டிகுலர் அச்சு என்றுதான் பெயர். ஆனால் அதில் பயறு வடிவம் எங்கும் இல்லை. இங்கே பெயரடை பயறைக் குறிக்கவில்லை, லென்ஸைக் குறிக்கிறது. லென்ஸ் செய்யும் வேலையைக் குறிக்கிறது.

ஆகவே தமிழில் எழுதுகிறவர் இச்சொல்லை ஒரே மொழிபெயர்ப்பால் கடக்க முடியாது. இலங்கைப் பாடநூல்கள் லென்ஸை ‘வில்லை’ என்கின்றன. கற்பூர வில்லை, மாத்திரை வில்லை, பழைய நாளில் அலுவலகச் சேவகர் மார்பில் மின்னிய பித்தளை வில்லை எல்லாம் வட்டமும் தட்டையுமானவை. புடைப்பை அச்சொல் சொல்வதில்லை. லென்ஸுக்கு அது குறையல்ல, குவிந்ததையும் குழிந்ததையும் ஒருசேரத் தாங்கும் வசதி. ஆனால் மேகத்துக்கும் விண்மீன் திரளுக்கும் ‘வில்லை வடிவ’ என்று எழுதினால் நடுவிலிருக்கும் தடிப்பு காணாமல் போகிறது. அங்கே ‘பயறுருவ’ என்பதே சரி என்று நினைக்கிறேன். மாறாக, சாமி படத்துக்கு ‘நுண்வில்லை அச்சு’ பொருந்தும்.

ஒரு சொல் மட்டும் மொழிபெயர்ப்பு இல்லாமலே நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. 1967இல் நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன், புரை விழுந்த கண்லென்ஸை மீயொலி அதிர்வால் நொறுக்கி உறிஞ்சி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஃபகோஸ் என்ற கிரேக்கப் பருப்பிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்; நம் வாயில் அது பேகோ. எடுத்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைக்கும் வழியை 1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி திறந்திருந்தார். மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் அரோலேப் நிறுவனம் மூலம் அந்த லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியது. வெளிநாட்டு விலையால் எட்டாதிருந்த பொருள் ஏழைகளுக்கும் எட்டியது. கண் ஆபரேஷன் முடிந்து திரும்பும் பாட்டிகள் “பேகோ பண்ணி லென்ஸ் வெச்சிருக்காங்க” என்கிறார்கள். கிரேக்கப் பயறை எடுத்துவிட்டு லத்தீன் பயறை வைத்திருக்கிறார்கள் என்பதே அதன் நேர்ப்பொருள்.